சொல்லாமல் அறுந்து போகும் பெல்ட்: பழைய டீசல் வேன் வைத்திருப்போர் கவனத்திற்கு

விடியற்காலை ஐந்தரை மணிக்கே தோட்டத்து வேன் புறப்பட்டுவிடும். லயத்து வாசல்களில் புத்தகப் பையோடு நிற்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் ஓடி, பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியின் வாசலில் இறக்கிவிடும். அதே வேன் பிறகு தொழிற்சாலை வேலையாட்களை ஏற்றப் போகும். மாலையில் பசார் மாலாமுக்குக் கடைச் சாமான் சுமக்கும். தைப்பூசம் வந்தால் பத்துமலைக்கும் போகும். அந்த வேனின் வயது இருபதைத் தாண்டியிருக்கும். ஆனாலும் ஒரு குடும்பத்தின் அரிசிப் பானை அதை நம்பித்தான் கொதிக்கிறது.

இப்படிப்பட்ட வேன் ஒருநாள் காலையில், புகையோ தட்டலோ எதுவும் இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுபோகலாம். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றும். எஞ்சின் மட்டும் பிடிக்காது. இழுவை லோரி வந்து பட்டறைக்குக் கொண்டுபோன பிறகு போர்மேன் சொல்வார்: "அண்ணே, டைமிங் பெல்ட் போயிருச்சு. ஹெட்டைத் திறந்து பார்த்தால்தான் மிச்சம் தெரியும்." சில நூறு ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை, அந்த நிமிடத்தில் சில ஆயிரம் ரிங்கிட் வேலையாகிவிடுகிறது. வேன் பட்டறையில் கிடக்கும் நாள்களுக்கு வருமானமும் இல்லை.

பிரேக் தேய்ந்தால் சத்தம் வரும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பேட்டரி தளர்ந்தால் காலையில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. மூடிக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் பெல்ட்டைக் கணக்கு வைத்து, காலம் வந்ததும் மாற்றுவது ஒன்றே வழி. அந்தக் கணக்கையும், பெல்ட்டை மாற்றும் முறையையும் வேன் உரிமையாளரே புரிந்து வைத்திருந்தால், பணமும் மிஞ்சும். பிள்ளைகளின் பாதுகாப்பும் உறுதிப்படும்.

பெல்ட் செய்யும் வேலை என்ன?

டீசல் எஞ்சினின் அடியில் இருப்பது கிராங்க். பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதால் அது சுற்றுகிறது. எஞ்சினின் தலைப்பகுதியில் இருப்பது கேம். அது சுற்றும்போதுதான் வால்வுகள் திறந்து மூடுகின்றன. ஒரு வால்வு வழியே காற்று உள்ளே வரும். இன்னொன்றின் வழியே புகை வெளியே போகும். பக்கத்தில் டீசல் பம்பு இருக்கிறது. சரியான நொடியில், சரியான சிலிண்டருக்கு டீசலை அழுத்தி அனுப்புவது அதன் வேலை. கிராங்க், கேம், பம்பு ஆகிய இந்த மூன்றையும் ஒரே கணக்கில் கட்டிப்போட்டு ஓட வைப்பதுதான் டைமிங் பெல்ட். விசிறியைச் சுற்றும் சாதாரண பெல்ட் போல இது வழுக்கி ஓடுவதில்லை. உள்பக்கம் பற்கள் இருக்கும். அவை புல்லியின் பற்களோடு பொருந்தியே நகரும்.

கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேமும் பம்பும் ஒரே ஒரு முறை சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு ஒரு பல் அளவுகூடத் தவறக் கூடாது. கோலாட்டம் ஆடுவோரைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். எல்லோரும் ஒரே தாளத்தில் இருக்கும்வரை கோலும் கோலும் சேரும். ஒருவர் தாளம் தவறினால் கோல் அடுத்தவர் விரலில்தான் விழும்.

பழைய எஞ்சின்கள் பலவற்றில் இந்த வேலையைப் பற்சக்கரங்களோ சங்கிலியோ செய்தன. பிறகு ரப்பர் பெல்ட் வந்தது. சத்தம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு, அதற்கென்று எண்ணெயும் தேவையில்லை. ரப்பருக்குள் கண்ணாடி இழை நூல்கள் ஓடுவதால் அது நீளாமல் உறுதியாக நிற்கிறது. ஆனால் ரப்பர் ரப்பர்தான். சூட்டிலும் வயதிலும் அது இறுகி வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊறிக் கெட்டுவிடும்.

அறுந்தால் ஏன் அவ்வளவு சேதம்?

டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சின் போலத் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை நன்றாக நசுக்கினால் அது சூடாகும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. பழைய ஹைஏஸ் டீசல் எஞ்சின்களில் காற்று ஏறத்தாழ 22-ல் ஒரு பங்காக நசுக்கப்படுகிறது. அந்த அளவுக்கு நசுக்க வேண்டுமானால், பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளியே இருக்க முடியும். வால்வு திறந்து நிற்க அங்கே இடமில்லை.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடியில் 50 முறை மேலே வந்து போகிறது. அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால், கேம் உடனே நின்றுவிடும். அந்த நேரத்தில் திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே நிற்கும். கிராங்க் மட்டும் வேனின் ஓட்டத்தால் இன்னும் சில சுற்றுகள் சுற்றும். பிஸ்டன்கள் மேலே வந்து வால்வுகளை இடிக்கும். வால்வுகள் வளையும். அவற்றைப் பிடித்திருக்கும் கைடுகள் உடையலாம், பிஸ்டன் தலையில் குழி விழலாம், சில சமயம் கேமே உடைந்துபோவதும் உண்டு. பெல்ட் அறுந்த பழைய டீசல் எஞ்சின் சேதமில்லாமல் தப்புவது அபூர்வம்.

பெல்ட் முழுதாக அறுந்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். தளர்ந்துபோன பெல்ட் சில பற்கள் தாண்டி உட்கார்ந்தாலும் இதே கதைதான். ஒரே ஒரு பல் மாறினால் எஞ்சின் ஓடக்கூடும். ஆனால் காலையில் எளிதில் பிடிக்காது, புகை தள்ளும், மேட்டில் ஏற இழுவை இருக்காது. இந்த அடையாளங்களைப் பார்த்ததும் "பம்பு கெட்டுப்போச்சு" என்று சொல்லிப் பம்பைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால், பெல்ட்டின் குறிகளைச் சரிபார்க்கச் சொல்வது நல்லது.

எந்த வேனில் பெல்ட் இருக்கிறது?

எல்லா டீசல் வேனிலும் டைமிங் பெல்ட் இருப்பதில்லை. டொயோட்டா ஹைஏஸ் வேன்களில் பல ஆண்டுகள் வந்த 2எல் (2,446 சிசி), 3எல் (2,779 சிசி), 5எல் (2,986 சிசி) ஆகிய மூன்று எஞ்சின்களுமே பெல்ட்டில் ஓடுபவை. மூன்றிலும் அந்த ஒரே பெல்ட்தான் கேமையும் டீசல் பம்பையும் சுற்றுகிறது. நிஸ்ஸான் ஊர்வான் வேன்களில் வந்த டிடி27 எஞ்சினில் பெல்ட் கிடையாது; பற்சக்கரங்களே அந்த வேலையைச் செய்கின்றன.

ஆகவே, முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தன் வேனில் இப்போது இருக்கும் எஞ்சின் எது என்பதைத்தான். கிராண்டில் எழுதியிருப்பதோடு நிறுத்திவிடாமல், எஞ்சினிலேயே அடித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் பார்க்க வேண்டும். ஹாஃப் கட் கடையில் வாங்கிய எஞ்சின் ஏற்கெனவே மாற்றப்பட்ட வேன் என்றால் இது இன்னும் முக்கியம். அந்த எஞ்சினின் பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது எவருக்கும் தெரியாது. டேஷ்போர்டு மீட்டர் வேனோடு வந்தது, எஞ்சினோடு வந்ததல்ல.

எப்போது மாற்ற வேண்டும்?

இந்த ஹைஏஸ் டீசல் எஞ்சின்களுக்கு 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வேறு வேன்களுக்கு அந்தந்த எஞ்சினின் கையேட்டைப் பார்க்க வேண்டும். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும், ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டால் மாற்றிவிடச் சொல்வது அனுபவமுள்ள போர்மேன்களின் வழக்கம். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறுகிறது.

பள்ளி வேன் ஓட்டுவோர் இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வேன் நாளைக்கு 80 கிலோமீட்டர், வாரத்தில் ஐந்து நாள், ஆண்டில் 40 வாரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 16,000 கிலோமீட்டர். 100,000 கிலோமீட்டரை எட்ட ஆறே கால் ஆண்டு ஆகும். ஆனால் பள்ளி வாசலிலும் தொழிற்சாலை வாசலிலும் ஏர்கோன் போட்டபடி எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் நேரம் மீட்டரில் ஏறுவதில்லை. நாளுக்கு ஒரு மணி நேரம் அப்படி நின்றால், நிமிடத்துக்கு 750 சுற்று என்ற கணக்கில் எஞ்சின் 45,000 சுற்று சுற்றியிருக்கும். ஆண்டில் 200 நாளுக்கு இது 90 லட்சம் சுற்று.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடுவதாகக் கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 2,000 சுற்று. அந்த 90 லட்சம் சுற்று, 4,500 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். ஆறே கால் ஆண்டில் அது 28,000 கிலோமீட்டரைத் தாண்டும். மீட்டர் 100,000 காட்டும்போது பெல்ட் உண்மையில் 128,000 கிலோமீட்டர் அளவுக்கு உழைத்திருக்கும். நின்று ஓடும் வேன்களுக்கு 80,000 கிலோமீட்டரிலேயே பெல்ட்டை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இவற்றைத் தவிர, எஞ்சினின் முன்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் கிலோமீட்டர் கணக்கையே பார்க்க வேண்டாம். கேம் அல்லது கிராங்க் ஆயில் சீல் கசிந்து பெல்ட் நனைந்திருந்தால், அது புதுப் பெல்ட்டாக இருந்தாலும் ஆயுள் முடிந்ததாகவே கருத வேண்டும். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வேனுக்கும் இதே விதிதான். சேறும் மணலும் மூடிக்குள் புகுந்து பேரிங்கை அரித்துவிடும்.

டேஷ்போர்டு விளக்கை நம்பலாமா?

பழைய டொயோட்டா டீசல் வாகனங்கள் பலவற்றில் டைமிங் பெல்ட்டுக்கென்று ஒரு சிறு விளக்கு உண்டு. 100,000 கிலோமீட்டர் ஆனதும் அது எரியும். அந்த விளக்கு பெல்ட்டைப் பார்ப்பதில்லை. கிலோமீட்டரை மட்டுமே எண்ணுகிறது. பெல்ட் நனைந்திருந்தாலும் வெடித்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெல்ட்டை மாற்றாமலேயே அந்த விளக்கை மட்டும் அணைத்துவிட முடியும். சில மாடல்களில் மீட்டர் கண்ணாடியில் இருக்கும் சிறு ரப்பர் மூடியைக் கழற்றி, மெல்லிய கம்பியால் உள்ளே அழுத்தினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விற்பதற்கு முன் யாரோ அப்படிச் செய்திருந்தால் வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? பல்பே எரிந்துபோயிருக்கவும் வாய்ப்புண்டு. சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பும்போது மற்ற எச்சரிக்கை விளக்குகளோடு அதுவும் எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வணிக வாகனச் சோதனையில் வேன் தேறிவிட்டது என்பதும் பெல்ட்டுக்கான சான்றிதழ் ஆகாது. அங்கே பிரேக், விளக்கு, புகை, அடிச்சட்டம் போன்றவை பார்க்கப்படும். மூடியைக் கழற்றிப் பெல்ட்டைப் பார்ப்பது வேன்காரரின் பொறுப்பு.

பெல்ட்டோடு எவற்றை மாற்றுவது?

இந்த வேலையில் பொருளின் விலையைவிட, கழற்றி மாட்டும் கூலியும் நேரமும்தான் பெரிது. ஆகவே, திறக்கும்போதே சுற்றியிருப்பவற்றையும் மாற்றிவிட வேண்டும். பெல்ட்டை அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங், பெல்ட்டுக்கு வழிகாட்டும் இன்னொரு பேரிங் இருந்தால் அது, டென்ஷனர் ஸ்பிரிங், கேம் ஆயில் சீல், கிராங்கின் முன் ஆயில் சீல் ஆகியவற்றை ஒரே தடவையில் வாங்கிக்கொள்வது சிக்கனம். புதுப் பெல்ட்டைப் போட்டு, பழைய பேரிங்கை விட்டுவைத்தால், அந்தப் பேரிங் இறுகிய அன்று புதுப் பெல்ட்டும் சேர்ந்தே போகும்.

இந்த ஹைஏஸ் எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பை டைமிங் பெல்ட் சுற்றுவதில்லை. வெளியே இருக்கும் விசிறிப் பெல்ட்தான் சுற்றுகிறது. ஆனாலும் விசிறியைக் கழற்றியிருக்கும் நேரத்தில் தண்ணீர்ப் பம்பைக் கையால் ஆட்டிப் பார்த்து, ஆட்டமோ கசிவோ இருந்தால் மாற்றிவிடலாம். விசிறிப் பெல்ட்டுகளையும் அப்போதே புதிதாகப் போடலாம்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எஞ்சின் எண்ணைச் சொல்லியே வாங்க வேண்டும். "ஹைஏஸ் டீசலுக்கு ஒரு பெல்ட்" என்று கேட்டால் போதாது. வாங்கியதும் பழைய பெல்ட்டோடு வைத்துப் பற்களின் எண்ணிக்கை, அகலம், பல்லின் வடிவம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். பெட்டி அசலைப் போல இருந்தாலும் உள்ளே போலி இருக்கக்கூடும். பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எழுத்து மங்கலாகவோ, ஓரத்தில் நூல் பிரிந்தோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வேலை எப்படி நடக்கிறது?

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்பேனரைத் தூக்க வேண்டியதில்லை. ஆனால் படிகள் தெரிந்திருந்தால், பட்டறையில் நின்று பார்க்கும்போது எது நடக்கிறது, எது விடுபடுகிறது என்று புரியும். ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்களுக்கு இது நினைவூட்டல்.

ஹைஏஸ் போன்ற வேன்களில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கி மேலிருந்து கொஞ்சம், வேனுக்கு அடியில் படுத்துக் கீழிருந்து கொஞ்சம் என்று வேலை பார்க்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, முன்பக்கத்தை உறுதியான இரும்புத் தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பி வேனுக்கு அடியில் போகவே கூடாது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும்.

அடுத்து விசிறி, விசிறிப் பெல்ட்டுகள், வழியில் இருக்கும் குழாய்கள், தேவைப்பட்டால் ரேடியேட்டர் ஆகியவை வெளியே வரும். பிறகு கிராங்க் புல்லி. இதன் போல்ட் மிக இறுக்கமாக இருக்கும். புல்லியைச் சுத்தியலால் அடித்துக் கழற்றக் கூடாது. புல்லர் போட்டு இழுக்க வேண்டும். அடித்தால் புல்லியும் கெடும், கிராங்கின் சாவிக் கட்டையும் கெடும்.

மூடியைக் கழற்றும் முன்போ பின்போ, கிராங்க் போல்ட்டில் சாக்கெட்டைப் போட்டு எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்தக் கட்டத்தின் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் எப்போதும் கடிகாரச் சுற்றில்தான் திருப்ப வேண்டும். உச்சி வந்ததும் கிராங்க், கேம், டீசல் பம்பு ஆகிய மூன்று இடங்களிலும் தொழிற்சாலையில் போட்ட குறிகள், எதிரே இருக்கும் குறிகளோடு நேராக நிற்க வேண்டும். கிராங்கின் குறி சரியாக இருந்து கேமின் குறி எதிர்ப்பக்கம் நின்றால், இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்ப வேண்டும் என்று பொருள்.

இந்த நிலையில் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைப்பதும் நல்லதே. ஆனால் பழைய பெல்ட் நின்ற இடமே சரி என்று நம்பிவிடக் கூடாது. முன்பு மாற்றியவர் ஒரு பல் தவறவிட்டிருந்தால், அந்தத் தவறையே திருப்பிச் செய்வதாகிவிடும். கடைசிச் சொல் தொழிற்சாலைக் குறிக்கே.

பிறகு டென்ஷனரைத் தளர்த்திப் பழைய பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பெல்ட் இல்லாத நேரம்தான் ஆபத்தான நேரம். வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் கேம் தானாகவே சற்று நகரக்கூடும். பம்பு புல்லியும் அப்படியே. பெல்ட் இல்லாதபோது கேமையோ கிராங்கையோ இஷ்டத்துக்குச் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் அங்கேயே மோதிக்கொள்ளும்.

ஆயில் சீல்களையும் பேரிங்குகளையும் மாற்றி, எண்ணெய்ப் பசையை முழுதாகத் துடைத்த பிறகு புதுப் பெல்ட் ஏறும். அதை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் கண்ணாடி இழைகள் ஒடிந்துவிடும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றவும் கூடாது. கிரீஸ், எண்ணெய், பெல்ட் ஸ்பிரே எதுவும் படக் கூடாது. டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வில்லாமல் இழுத்து நிற்க வேண்டும். மிச்சத் தொய்வை டென்ஷனர் ஏற்றுக்கொள்ளும். ஸ்பிரிங் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே போதும். "இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும்" என்று கம்பியால் நெம்பி இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

கையால் இரண்டு சுற்று

இந்த வேலையில் எதை விட்டாலும் இந்த ஒரு படியை விடக் கூடாது. பெல்ட்டைப் போட்டதும் சாவியைத் திருப்பிப் பார்க்கும் அவசரம் எல்லோருக்கும் வரும். அதற்கு முன் கிராங்கைக் கையால், கடிகாரச் சுற்றில், இரண்டு முழுச் சுற்று திருப்ப வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடித்து மறுபடி குறிக்கு வரும். அந்த இரண்டு சுற்றில் நான்கு சிலிண்டர்களின் வால்வுகள் எல்லாம் ஒருமுறை திறந்து மூடியிருக்கும்.

திருப்பும்போது அழுத்தத்தால் கை கனப்பது இயல்பு; அது மெல்ல விட்டுக்கொடுக்கும். ஆனால் இரும்பில் இடித்தது போலக் கறாராக நின்றால், ஒரு அங்குலம்கூட வலிந்து திருப்பக் கூடாது. வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று அர்த்தம். பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கையில் தெரியும் அந்தத் தடையை ஸ்டார்ட்டர் மோட்டார் பொருட்படுத்தாது. அது வால்வை வளைத்துவிட்டுத்தான் நிற்கும்.

இரண்டு சுற்று முடிந்ததும் மூன்று குறிகளும் மறுபடி நேராக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று விலகியிருந்தாலும் திரும்பச் செய்ய வேண்டும். சரியாக இருந்தால் டென்ஷனர் போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, மூடியையும் புல்லியையும் மாட்டலாம். ரேடியேட்டரைக் கழற்றியிருந்தால் கூலன்ட் நிரப்பி, காற்று வெளியேறும்வரை பார்க்க வேண்டும். பெல்ட் விளக்கின் கணக்கை மறுபடி தொடங்கிவைப்பது கடைசி வேலை.

பட்டறையில் கேட்க வேண்டியவை

நல்ல போர்மேன் கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார். எஞ்சின் எண் பார்த்துத்தான் பெல்ட் வாங்கினீர்களா? பேரிங்கும் சீலும் இந்த விலைக்குள் அடங்குமா? ஸ்டார்ட் செய்வதற்கு முன் கையால் இரண்டு சுற்று திருப்பினீர்களா? இந்த மூன்றையும் கேட்கலாம். பழைய பெல்ட்டையும் பேரிங்கையும் திருப்பித் தரச் சொல்வதும் வழக்கத்துக்கு மாறானதல்ல. பழைய பெல்ட்டின் நிலையே அடுத்த முறை எவ்வளவு சீக்கிரம் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். பல் அடியில் வெடிப்பு, ஓரத் தேய்வு, முதுகில் பளபளப்பு, எண்ணெய் ஈரம் ஆகியவற்றை அதில் பார்க்கலாம்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி, இருக்கைக்கு அடியில் எஞ்சின் மூடியில் ஒட்டிவைக்க வேண்டும். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் ரசீதோடு குறித்துவைக்கலாம். மகனோ மருமகனோ நாளை வேனை எடுத்து ஓட்டும்போது, அந்த ஒரு வரி அவர்களுக்கு உதவும். வேனை விற்கும்போதும் அந்த ரசீதுக்கு மதிப்புண்டு.

வேலைக்கு நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு முழு நாள், சீலோ போல்ட்டோ தகராறு செய்தால் இரண்டு நாள் ஆகலாம். பள்ளி விடுமுறையில் செய்துவிட்டால் பிள்ளைகளுக்கும் சிரமமில்லை, வருமானமும் போகாது. பிள்ளைகளை ஏற்றும் முன் வெறும் வேனை ஒருநாள் ஓட்டிப் பார்த்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஓடும்போதே அறுந்துவிட்டால்

எஞ்சின் நின்றதும் ஸ்டீரிங் கனமாகும். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரில் ஓரிரு மிதிக்குப் போதுமான பலமே மிஞ்சியிருக்கும். ஆகவே, பதறிப்போய்ப் பிரேக்கை மீண்டும் மீண்டும் மிதிக்கக் கூடாது. ஒரே மிதியாக, உறுதியாக அழுத்தியபடி, அபாய விளக்கைப் போட்டு ஓரம்கட்ட வேண்டும். வேன் முழுதாக நிற்கும்வரை சாவியை வெளியே எடுக்கவே கூடாது, ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் கைப்பிரேக்கைப் போட்டு, பிள்ளைகளைச் சாலையின் எதிர்ப்புறக் கதவில் இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிற்க வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஸ்டார்ட்டர் லேசாக, வழக்கத்துக்கு மாறான வேகத்தில் சுற்றினால் அத்தோடு நிறுத்த வேண்டும். நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. வளையாமல் தப்பிய வால்வுகளும் அந்தத் தள்ளலில் வளைந்துவிடும். இழுவை லோரியைக் கூப்பிடுவதே மலிவு.

பழைய வேன் வாங்குவோருக்கு

இரண்டாம் கை வேனை வாங்கும்போது, விற்பவர் "பெல்ட் போன வருஷம்தான் மாத்தினேன்" என்று சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். ரசீதோ ஒட்டிய சீட்டோ இல்லாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே கணக்கில் வைத்து, வாங்கும் விலையிலேயே பெல்ட் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுவது நல்லது. வேனை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்திலேயே பெல்ட்டை மாற்றிவிட்டால், அன்றிலிருந்து கணக்கு தெளிவாக இருக்கும்.

மாதத் தவணை, சாலை வரி, காப்புறுதி, டீசல் என்று வேன்காரர்களுக்குச் செலவு நிறைய. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை மாற்றச் சில நூறு ரிங்கிட் எடுப்பது யாருக்கும் மனம் ஒப்பாத காரியம். அப்படிக் கழற்றிய பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது, "இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்குமே" என்று தோன்றும். ஓடியிருக்கலாம், ஓடாமலும் போயிருக்கலாம். பின்னிருக்கையில் ஊரார் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு செய்து பார்க்கக்கூடிய சோதனை அதுவல்ல.